அடையாள அட்டைப் படம் மோசடிக்காரர் கைக்குப் போய்விட்டதா?

கேள்வி: திருகோணமலை, உப்புவெளியில் வசிக்கிறேன். வெளிநாட்டு வேலை எடுத்துத் தருவதாக வட்ஸ்அப்பில் பேசிய ஒருவருக்கு என் தேசிய அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் வங்கிச் சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு பதிவுக் கட்டணம் கேட்டார். சந்தேகம் வந்து பேச்சை நிறுத்திக்கொண்டேன். மறுநாள் என் தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்தது, யாருக்கும் சொல்லவில்லை. என் பணத்தை எடுத்துவிடுவார்களா? என் பெயரில் கடன் வாங்க முடியுமா?

பதில்: குறியீட்டைச் சொல்லாமல் விட்டது மிக நல்ல காரியம். கணக்கு எண்ணையும் அடையாள அட்டைப் படத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுப்பது எளிதல்ல. ஆனால் அனுப்பிய படத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே இனி நீங்கள் காக்க வேண்டியது உங்கள் தொலைபேசி எண்ணை. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. என்ற ஒருமுறைக் குறியீடு, வட்ஸ்அப் குறியீடு எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன.

அடையாள அட்டை எண் எவ்வளவு பேசிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1985 ஜனவரி 10இல் பிறந்த பெண்ணின் எண் 1985510 என்று தொடங்கும். ஆகவே ஒருவர் தொலைபேசியில் உங்கள் பெயர், பிறந்த தேதி, கணக்கு எண் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்றால் நம்பிவிடாதீர்கள். அவ்வளவும் நீங்கள் அனுப்பிய படங்களிலேயே இருக்கின்றன. இணைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

அந்த ஆறு இலக்கக் குறியீடு பெரும்பாலும் வட்ஸ்அப்பினுடையதாக இருக்கும். உங்கள் கணக்கைக் கைப்பற்றினால், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடம் உங்கள் பெயரால் அவசரம் என்று சொல்லிப் பணம் கேட்கலாம். இன்றே வட்ஸ்அப் அமைப்புகளில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு இரகசிய எண்ணை வையுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலில் தெரியாதது இருந்தால் நீக்கிவிடுங்கள்.

நாளை முதல் வேலையாக வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள். நடந்ததை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்துவேன். பின்னர் தகராறு வந்தால் அந்த ஒரு தாள்தான் உங்களுக்குத் துணை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுஞ்செய்தி வரும்படியும் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் சேவை நிலையம். கைத்தொலைபேசி தொலைந்துவிட்டது என்று சொல்லி, உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புதிய சிம் அட்டை வாங்க முயலக்கூடும். அசல் அடையாள அட்டையுடன் நீங்களே வந்தால் மட்டும் மாற்றித் தரும்படி குறிப்பு எழுதச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் வேறு சிம் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருக்கும்போது உங்கள் தொலைபேசி மட்டும் திடீரென்று செயலிழந்தால், தாமதிக்காமல் வேறொரு தொலைபேசியில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள்.

உங்கள் பெயரில் கடன் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை அறிய, நாம் கிரிப் என்று சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைக் கோரலாம். தன் அறிக்கையைப் பெற ஒவ்வொருவருக்கும் வழி உண்டு. சில மாதங்கள் கழித்து இன்னொரு முறையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடனைக் கேட்டு யாராவது மிரட்டினால் பயந்து ஒரு ரூபாகூடக் கட்டாதீர்கள். ஒப்பந்தப் பிரதியைக் கேளுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு அவசியம். வட்ஸ்அப் உரையாடலை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள்; அதுவே சான்று. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, அது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையொப்பம் வைக்க வேண்டாம். இணைய மோசடி குறித்து இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவையும் 101 இல் அழைக்கலாம்.

இன்னொன்று, உங்கள் கணக்கு எண் அவர்களிடம் இருப்பதால் சொல்கிறேன். யாரோ ஒருவருடைய பணம் உங்கள் கணக்கில் வந்து விழலாம். "தவறுதலாகப் போட்டுவிட்டேன், இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று இரக்கமாக ஒரு குரல் கேட்கும். அது இன்னொரு மோசடியில் பறிபோன பணமாக இருக்கலாம். நீங்கள் திருப்பி அனுப்பினால், விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். பணத்தைத் தொடாமல் வங்கியிடம் எழுத்தில் அறிவியுங்கள். திருப்புவதை வங்கி செய்யட்டும்.

வேலை தேடுவதை இதற்காக விட்டுவிட வேண்டாம். அடுத்த முறை யாராவது வெளிநாட்டு வேலை என்று வந்தால், எந்தப் படத்தையும் அனுப்புவதற்கு முன் முகவர் நிறுவனத்தின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற எண்ணுக்கு அழைத்துச் சரிபாருங்கள். உரிம எண்ணைத் தர மறுப்பவருடன் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.