வாகனக் கேள்வி–பதில்: ஒன்பதாயிரம் வரை சுற்றும் கார்

சென்ற இதழில் மஸ்டா ஆர்.எக்ஸ்.8 பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று கடிதங்கள் சொல்கின்றன. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அந்தக் காருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பிஸ்ரனே இல்லாத எஞ்சின் என்று எழுதியிருந்தீர்கள். பிஸ்ரன் இல்லாமல் பெற்றோல் எப்படிச் சில்லைச் சுழற்றும்? 1308 சி.சி. எஞ்சினுக்கு 250 குதிரைவலு என்பது அச்சுப்பிழையா?
— வாசகர், கோண்டாவில்

அச்சுப்பிழை அல்ல. 2003இல் வெளிவந்தபோது ஜப்பானில் விற்பனையான ஆறு கியர் மனுவல் வகையின் வலு அதுதான். அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 8500 சுற்றுச் சுற்றும்போது.

நல்லூர்த் திருவிழாவில் வாங்கும் கச்சானின் கோதை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் உருண்டு, இடுப்பில் சற்று ஒடுங்கியிருக்கும். றோட்டரி எனப்படும் இந்தப் பிஸ்ரனில்லா எஞ்சினின் உள்ளறை ஏறக்குறைய அந்த வடிவம்தான், இடுப்பு மட்டும் அவ்வளவு ஒடுங்கியிராது. அதற்குள் பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று, மூன்று முனைகளும் சுவரை விட்டு அகலாமல் சுழல்கிறது. முக்கோணத்தின் ஒவ்வொரு முகத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளி விரிந்து சுருங்கி மறுபடி விரியும்போது, காற்றும் பெற்றோலும் உள்ளே வருவதும், அழுத்தப்படுவதும், எரிவதும், புகையாய் வெளியேறுவதும் ஒரே சுற்றில் நடந்து முடிகின்றன. வால்வு இல்லை, வால்வைத் திறக்கும் கம் தண்டு இல்லை, மேலும் கீழும் போய் வரும் எதுவுமே இல்லை.

முக்கோணம் ஒருமுறை சுற்றும்போது நடுத்தண்டு மூன்று முறை சுற்றும். ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு முக்கோணமும் ஒருமுறை சக்தி தரும். சாதாரண எஞ்சினில் ஒரு சிலிண்டர் அதே வேலையைச் செய்ய இரண்டு சுற்று வேண்டும். இந்தக் காரில் ஒவ்வொன்றிலும் ஒரு முக்கோணத்துடன் இரண்டு அறைகள் உண்டு. 654 சி.சி. வீதம் அவ்விரண்டையும் கூட்டி 1308 என்று எழுதுகிறார்கள், ஆனால் அது விழுங்கும் காற்றோ அதைப்போல் இரண்டு மடங்கு கொள்ளளவுள்ள பிஸ்ரன் எஞ்சினின் அளவு. ஜப்பானிய வரி அதிகாரிகள் இதை அறிந்தே, றோட்டரிக்குக் கொள்ளளவை ஒன்றரை மடங்காக்கி வரி விதிக்கிறார்கள். பெற்றோல் செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: நகரத்துக்குள் லீற்றருக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான பீலிக்ஸ் வங்கல். அவரோடு சேர்ந்து அதை உருவாக்கிய என்.எஸ்.யூ. என்ற ஜெர்மானிய வாகன நிறுவனத்திடமிருந்து 1961இல் மஸ்டா உரிமம் பெற்றது. முதலில் செய்த எஞ்சின்களின் உட்சுவரில் முக்கோண முனைகள் வரிவரியாகக் கீறல் போட்டன. ஹிரோஷிமாத் தொழிற்சாலையில் அதற்கு வைத்த பெயர் ‘பேயின் நகக்கீறல்’. கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியியலாளர்கள் அந்தக் கீறலோடு மல்லுக்கட்டி வென்ற பிறகே, 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் என்ற முதல் றோட்டரி மஸ்டா தெருவுக்கு வந்தது.

ஓட்டும்போது எப்படி இருக்கும்? எங்கள் வீதிகளில் ஓட்டி அனுபவிக்கக்கூடிய காரா, அல்லது வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்துப் பார்க்கிற காரா?
— வாசகி, சுன்னாகம்

மைத்துனர் ஒருவர் ஒரு தைப்பொங்கலுக்குத் தமது 2004 மொடல் காரைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தபோது, இரண்டு நாள்கள் அதை ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தது.

முதல் அரை மணித்தியாலம் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. காங்கேசன்துறை வீதியில் ஒரு தனியார் பேருந்தை முந்துவதற்காக மூன்றாவது கியரில் அக்சிலேற்றரை அழுத்தினேன். கார் என்னைக் கேட்காததுபோல் அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது. முறுக்கு விசை 216 நியூட்டன் மீற்றர்தான், அதுவும் 5500 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கும். டீசல் வானுக்குப் பழகிய காலுக்கு இது விளங்காது. 3000 சுற்றுக்குக் கீழே இது சாதுவான ஒரு சிறிய காரைப்போலவே நடந்துகொள்ளும்.

பிறகு மைத்துனர் பக்கத்தில் இருந்தபடி, “இரண்டாவதுக்கு இறக்குங்கோ அத்தான், பயப்படாமல் மிதியுங்கோ” என்றார். 4000இல் ஏதோ திரண்டு வருவது தெரிந்தது. 6000ஐத் தாண்டியதும், மற்றக் கார்கள் மூச்சுத் திணறத் தொடங்கும் இடத்தில், இது அப்போதுதான் குரலைத் திறந்தது. அதிர்வு கூடவில்லை. இரைச்சலும் உறுமலாக இல்லை. நாதஸ்வரக்காரர் மூச்சு விடாமல் ஒரே சுரத்தை மேலே மேலே இழுத்துக்கொண்டு போவதைப்போல ஒரு நீண்ட சுருதிதான் கேட்டது. வரம்பு 9000. அதை நெருங்கும்போது ‘கியரை மாற்று’ என்று கார் ஒரு சிறு ஒலியால் நினைவூட்டும். அந்த ஒலி வீண் அலங்காரமல்ல. எஞ்சின் அவ்வளவு அமைதியாகச் சுற்றுவதால், காது மட்டும் சொல்லும் சாட்சியை நம்பினால் வரம்பைத் தாண்டிவிடுவோம். தண்டு 9000 சுற்றும்போது உள்ளே முக்கோணம் 3000 தான் சுற்றுகிறது என்பதை நினைத்தால் அந்த அமைதியின் காரணம் விளங்கும்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாகம். முதலாவது கியரில் 9000ஐத் தொடும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டியிருக்கும். இரண்டாவது கியரில் 70 கிலோமீற்றர் என்றால் எஞ்சின் 6000 சுற்றளவில் நிற்கும். ஊருக்கு வெளியே எங்கள் சட்ட வரம்பே 70 என்பதால், ஆனையிறவுக் கடல் நீரேரிக்கு நடுவே எவ்வளவு நேரான வீதி கிடந்தாலும், மூன்றாவது கியரின் சுகத்தை நீங்கள் சட்டப்படி அறியப் போவதில்லை. முதலிரண்டு கியர்களில் கிடைப்பதை அனுபவிக்கலாம். எனக்கு அதுவே தாராளமாகப் போதுமாயிருந்தது.

உண்மையில் என் மனத்தில் தங்கியது வேகமல்ல, திரும்பும் விதம். எஞ்சின் சிறியதாகவும் பாரம் குறைந்ததாகவும் இருப்பதால், அதை முன் அச்சுக்குப் பின்னால் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் பாரம் சரிபாதி. சுக்கானைச் சிறிது அசைத்தால் மூக்கு உடனே திரும்பும், பின்பக்கம் தயக்கமில்லாமல் அதைத் தொடரும். வீதி வளைவில் பிறேக் பிடித்துக் கியரை இறக்கித் திரும்பும்போது, கார் உங்களைச் சுற்றித் திரும்புவதாகத் தோன்றும். இருந்தும் உடல் முறியும்படி குலுக்குவதில்லை. எங்கள் ஒழுங்கைகளில் மட்டும் மிக மெதுவாகப் போகவேண்டும்: மதகில் ஏறி இறங்கும் இடத்தில் முன் பம்பரின் அடி உரசும் சத்தத்தை ஒருமுறை கேட்டேன். மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடுதலாக வலித்தது.

விலைக்கு வந்த ஒரு ஆர்.எக்ஸ்.8ஐப் பார்த்தேன். காலையில் உடனே ஸ்டார்ட் ஆனது. ஓடிப் பார்த்துவிட்டு நிறுத்தி, பத்து நிமிடத்தில் மறுபடி திறப்பைத் திருப்பியபோது நெடுநேரம் சுற்றியே ஸ்டார்ட் ஆனது. விற்பவர் பற்றரி என்கிறார். நம்பலாமா?
— வாசகர், நெல்லியடி

பற்றரி பலவீனமானால் குளிரிலும் சிரமம் காட்டியிருக்கும். சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தயங்குவது, முக்கோண முனைகளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கும் ஏபெக்ஸ் சீல்கள் தேய்ந்து அழுத்தம் கசிவதன் முதல் அறிகுறி. சூட்டில் ஒயில் இளகிவிடுவதால், குளிரில் அது மூடி மறைத்த இடைவெளி அப்போது வெளிப்படும்.

அறைக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கொம்பிரசன் பரிசோதனை இல்லாமல் இந்தக் காருக்கு முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். சாதாரண கராஜில் இருக்கும் அளவுமானி இதற்கு உதவாது. அது மூன்று முகங்களில் மிகக் கூடிய அழுத்தத்தை மட்டும் காட்டி மற்ற இரண்டையும் மறைத்துவிடும். றோட்டரிக்கென்றே உள்ள கருவியால், ஒரு முக்கோணத்துக்கு மூன்று வீதம் ஆறு எண்களும் தனித்தனியாக எழுதித் தரப்படவேண்டும். ஸ்டார்ட்டர் எஞ்சினை நிமிடத்துக்கு 250 சுற்றுச் சுழற்றுவதாகக் கணக்கிட்டால் எந்த எண்ணும் 680 கிலோபஸ்கலுக்குக் குறையக்கூடாது.

வாங்கிய பிறகு உங்கள் பழக்கங்கள் மாறவேண்டியிருக்கும். சீல்கள் உலராமலிருக்க இந்த எஞ்சின் தானாகவே சிறிது ஒயிலை அறைக்குள் செலுத்தி எரிக்கும். ஆகவே ஒயில் குறைவது பழுதல்ல, அதைப் பார்க்காமல் விடுவதே பழுது. பெற்றோல் அடிக்கும் இரண்டு தடவைக்கு ஒருமுறையாவது ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள். பெற்றோல், ஒக்ரேன் 95.

இன்னொன்று, காரை நிழலுக்கு நகர்த்துவதற்காக ஸ்டார்ட் செய்து, இருபதடி ஓட்டி, உடனே நிறுத்தாதீர்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள் கூடுதலாகப் பாய்ந்த பெற்றோல் எரியாமல் தங்கி, சுவரிலுள்ள ஒயிலைக் கழுவி, பிளக்குகளை நனைத்துவிடும். பிறகு அது ஸ்டார்ட் ஆகாது. பொங்கலன்று மாமரத்தடிக்கு நகர்த்தி இந்தத் தவறைச் செய்தவன் நானே. அக்சிலேற்றரை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறப்பைத் திருப்பினால் பெற்றோல் நிறுத்தப்பட்டு அறை உலரும். அப்படியும் எழும்பாவிட்டால் பிளக்குகளைக் கழற்றவேண்டியதுதான். சந்தைக்கும் பாடசாலைக்கும் இரண்டு கிலோமீற்றர் ஓடி நிறுத்துவதே உங்கள் பாவனை என்றால், இந்தக் காரை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஓடி, சூடேறிய பிறகு உயர்ந்த சுற்றுகளையும் காட்டுபவரிடம்தான் இது நன்றாக இருக்கும். பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து 2500 சுற்றைத் தாண்டாமல் ஓட்டுபவர், அறைக்குள் கரி படியவிட்டு, தம்மை அறியாமலே இதைக் கெடுக்கிறார்.

நாங்கள் நால்வர். பின்னால் இருவர் இருக்கலாமா?
— வாசகர், சாவகச்சேரி

இருக்கலாம். பின்கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறப்பதால் ஏறுவதும் எளிது. ஆனால் முன்கதவைத் திறக்காமல் பின்கதவு திறக்காது. அம்மாவைப் பின்னால் ஏற்றிவிட்டு, முன்னால் இருப்பவர் இறங்கிக் கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குள் போய்விட்டால் நல்ல வார்த்தை கேட்கமாட்டீர்கள்.

றோட்டரி கார் லு மான் பந்தயத்தில் வென்றது உண்மையா?
— மாணவர், கிளிநொச்சி

உண்மை. 1991இல் நான்கு முக்கோணங்கள் கொண்ட எஞ்சினுடன் மஸ்டா 787பி வென்றது. 24 மணி நேர லு மானை வென்ற முதல் ஜப்பானிய கார் அதுவே. அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எஞ்சின் பழுதான ஆர்.எக்ஸ்.8 ஒன்று மலிவாக வருகிறது. சாதாரண பிஸ்ரன் எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்தால் என்ன?
— வாசகர், மானிப்பாய்

வைப்பவர்கள் இருக்கிறார்கள். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருப்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை முறைப்படி மாற்றாமல் வீதிக்கு இறக்க முடியாது. பாரமான, உயரமான எஞ்சின் முன்னால் ஏறியதும், மேலே நான் எழுதிய அந்தத் திரும்பும் சுகம் குறைந்துவிடும். என் விருப்பம், றோட்டரியையே பிரித்துக் கட்டுவது. ஆனால் மெக்கானிக் பிரித்த அன்று நீங்களும் கராஜில் நின்று, உட்சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் கீறலில் மாட்டினால் அந்த அறைக்கூட்டையே மாற்றவேண்டும். புதுச் சீலை மட்டும் போட்டுப் பூட்டித் தருகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.