பனி டயருக்கு எந்த ரிம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டொரன்டோவில் மகன் ஹோண்டா சிவிக் வைத்திருக்கிறான். 17 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) ரிம். பனி டயருக்கென்று தனியாக ஸ்டீல் ரிம் வாங்கப் போகிறானாம். வீண் செலவுதானே? (பள்ளத்தூர் வாசகி)

இல்லை ஆச்சி. ஒரே ரிம்மில் வருஷத்துக்கு இரண்டு தடவை டயரைக் கழற்றி மாட்டினால் கூலியும் போகும், டயரின் விளிம்பும் கெடும். ரோட்டில் கொட்டும் உப்பு அலாயின் பூச்சை அரிக்கும். ஸ்டீல் துருப்பிடித்தால் வலிக்காது. 16 அங்குலமாக வாங்கச் சொல்லுங்கள், டயர் விலையும் குறையும். டயர் அளவில் 215/50 ஆர் 17-க்குப் பதில் 215/55 ஆர் 16 (கடைசி எண்தான் ரிம்மின் அங்குலம்) போட்டால் மொத்த உயரத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பிரேக் காலிப்பர் (சக்கரத்துக்குள் பிரேக் தட்டைப் பிடிக்கும் கவ்வி) ரிம்மில் இடிக்கிறதா என்பதை மட்டும் அவருடைய மாடலுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பனி டயருக்கு இன்சூரன்ஸில் தள்ளுபடியும் உண்டு, கேட்டு வாங்கட்டும்.

மான்ட்ரியலில் இருக்கும் மகளுக்கு இங்கிருந்தே நான்கு ரிம் வாங்கிப் போகலாமா? (தேவகோட்டை)

வேண்டாம். ஒன்றே 8, 9 கிலோ வரும். அந்த எடைக்குச் சீப்புச் சீடை கொண்டு போங்கள். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம் என்பதால், பழைய ரிம்கள் அங்கேயே தாராளமாகக் கிடைக்கும்.

மருமகனிடம் டொயோட்டா ஆர்ஏவி4. நண்பரின் சிவிக் ரிம்கள் சும்மா கிடைக்கின்றன. ஐந்து ஓட்டையும் சரியாகப் பொருந்துகிறது. இருக்கும் நட்டையே போட்டு இறுக்கிவிடலாமா? (காரைக்குடி)

இந்தக் கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஓட்டை பொருந்தினால் ரிம் பொருந்திவிட்டதாக யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ!

இரண்டுக்கும் பி.சி.டி, அதாவது நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவு, 5x114.3 (ஐந்து ஓட்டை, 114.3 மில்லிமீட்டர் விட்டம்). ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹோண்டா ரிம்மின் நடு ஓட்டை 64.1 மில்லிமீட்டர், அதற்குள் நுழையும் டொயோட்டா ஹப் (சக்கரம் மாட்டும் குமிழ்) 60.1. அந்த 4 மில்லிமீட்டர் இடைவெளியில் ரிம் நடுவில் உட்காராது, வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் உதறும். இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போட்டு அதைச் சரிசெய்யலாம் என்பீர்கள். சரி, ஆஃப்செட், அதாவது சக்கரம் உள்ளே வெளியே எவ்வளவு தள்ளி உட்காரும் என்ற அளவு? சிவிக்கைவிடக் கனமான வண்டியை அந்த ரிம் தாங்குமா?

அதைவிட மோசம் நட்டு. டொயோட்டாவின் பல அலாய்களுக்கு வருவது தட்டை வாஷர் நட்டு. ஹோண்டாவின் கம்பெனி ரிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டை. வெளிக்கடை ஸ்டீல் ரிம் பெரும்பாலும் கூம்பு. நட்டும் குழியும் ஒரே வடிவத்தில் இல்லாவிட்டால் ஓரத்தில் மட்டும் பிடிக்கும். இறுகிய மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். ரிம் வாங்கும்போது அதற்கேற்ற நட்டையும் வாங்குங்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது?

அப்புறம் நம் ஊர்ப் பஞ்சர் கடை ஏர் கன். டர்ரென்று ஒரே அடியாக இறுக்கி அனுப்புகிறார்கள். நட்டு ஏறும் ஸ்டட் (திருகுக் கம்பி) நீண்டுபோகும், நடுரோட்டில் நீங்கள் கழற்ற முயன்றால் அசையாது. கையால், எதிரெதிராக முடுக்கி, கடைசியில் டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைக்க வேண்டும். இந்த அளவு கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். கனடாவிலும் இதே கதைதான்.

உங்கள் மருமகனுக்கு: அந்த ரிம்கள் வேண்டாம்.

மார்கழிக் குளிருக்கு நமக்கும் பனி டயர் வேண்டுமா? (புதுவயல்)

7 டிகிரிக்குக் கீழே ஓட்டுவதற்கான ரப்பர் அது. நம் வெயிலில் மெழுகாய்த் தேயும். கொடைக்கானலுக்கும் வேண்டாம்.

என் காருக்கு எந்த ரிம் போடலாம்? (பெயர் இல்லை)

கார் பெயரும் இல்லையே ஐயா. மாடல், வருஷம், டயரில் உள்ள எண், மூன்றையும் எழுதுங்கள்.

அலாய் காரில் ஸ்டெப்னி மட்டும் சின்ன ஸ்டீல் ரிம். அதோடு மதுரை போய்வரலாமா? (கோனாபட்டு)

பஞ்சர் கடை வரைக்கும் போகலாம். அதன் மேல் 80 என்று வேக வரம்பு ஒட்டியிருப்பது அழகுக்கு அல்ல. அதற்கும் நட்டு வேறா என்று காரோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்.

அலாய் மாட்டிவிட்டேன். பழைய ஸ்டீல் ரிம்களை டயரோடு இரண்டாங்கட்டில், தண்ணீர் மோட்டார் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கெடுமா? (கானாடுகாத்தான்)

மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழவைக்கும், வேறு அறைக்கு மாற்றுங்கள். வெயில் படாமல், படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ரிம் இல்லாத டயரைத்தான் நிறுத்திவைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். அவ்வளவு பழசு என்றால் ரிம்மை மட்டும் வைத்துக்கொண்டு டயரைத் தள்ளிவிடுங்கள். பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு அந்த ரிம்மோடேயே கட்டிவையுங்கள்.