ஆறு வார அமெரிக்கப் பயணத்துக்கு மூன்று லட்சம் கடன் எதற்கு?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை நான். ஃபுல்பிரைட் டீச்சிங் எக்ஸலன்ஸ் அண்ட் அச்சீவ்மென்ட் என்ற அமெரிக்க அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில் தேர்வாகி 6 வாரம் அமெரிக்கா போகிறேன். வெறுங்கையோடு போகக்கூடாது, 3 லட்சம் பெர்சனல் லோன் எடு என்கிறார் கணவர். சேமிப்புக் கணக்கில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எவ்வளவு டாலர் கொண்டுபோகலாம் சார்?

பதில்: லோன் வேண்டவே வேண்டாம் டீச்சர். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, பயிற்சிக்கு அனுப்பும் பள்ளிக்குப் போய்வரும் செலவு எல்லாமே திட்டத்தில் அடக்கம், அதுபோக தினப்படியும் தருகிறார்கள். 14% வட்டியில் 3 லட்சத்தை 3 வருடத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 10,250 ரூபாய் கட்டவேண்டும், வட்டி மட்டுமே 69,000-ஐத் தொடும். அந்தப் பணம் எதற்குப் போகும் என்றும் தெரியும்: மச்சினருக்கு ஐபோன், அக்கா பிள்ளைக்கு ஷூ. கேட்பவர்கள் முன்பணம் கொடுக்கட்டும், கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் கைக்காசு 800 டாலர் போதும். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 72,000. தினப்படி கைக்கு வரச் சில நாள் ஆகலாம் என்பதால் 300-ஐ நோட்டாக, அதுவும் சில்லறை நோட்டாக வைத்துக்கொண்டு, மீதியை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது முன்கூட்டியே டாலர் ஏற்றிவைக்கும் கார்டில் போடுங்கள். விமான நிலையக் கவுன்ட்டரில் மாற்றாதீர்கள், ரேட் கட்டுப்படியாகாது. சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் டாலர் செலவுக்கு 3.5% மார்க்கப் என்ற கட்டணம், அந்தக் கட்டணத்தின்மேல் 18% ஜிஎஸ்டி போடுகின்றன, ஆக 500 டாலருக்கு 20 டாலருக்கு மேல் சும்மா போய்விடும், அதனால் அது அவசரத்துக்கு மட்டும். கடையில் மெஷின் ‘ரூபாயிலா, டாலரிலா’ என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு டாலரைத் தொடுங்கள். விலைச்சீட்டில் இருக்கும் விலையோடு பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி தனியாகச் சேரும், உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் 15 முதல் 20% டிப்ஸ் வேறு.

சர்க்கரை விஷயத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். திட்டம் தரும் மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் செல்லாது, பல்லுக்கும் செல்லாது, அமெரிக்காவில் ஒருமுறை எமர்ஜென்சிக்குப் போனாலே பில் ஆயிரக்கணக்கான டாலர் வரலாம். அதனால் லோனுக்கு அலையும் நேரத்தில் தனியாக ஒரு டிராவல் பாலிசி பாருங்கள், விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கிளைம் வராது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும், அதுவும் ஒரு வரம்புவரை தரும் பாலிசிகள்தான் அதிகம், அந்த வரம்பு எவ்வளவு என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். 6 வாரத்துக்கும் கூடுதலாக ஒரு வாரத்துக்கும் மாத்திரை, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போடாதீர்கள், பெட்டி தொலைந்தால் மாத்திரையும் போச்சு.

அப்புறம் வீட்டுப் பக்கம். ஓடிபி உங்கள் நம்பருக்குத்தான் வரும், சிம்மில் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே இயக்கிவிடுங்கள். ஜிபேயை நம்பி இறங்காதீர்கள். துறையின் தடையில்லாச் சான்று வாங்கும்போதே இந்த 6 வாரம் எந்த விடுப்பில் சேரும், சம்பளம் வழக்கம்போல வருமா என்று எழுத்தில் கேளுங்கள். இஎம்ஐ, சீட்டு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு மாதத் தவணையைக் கணக்கிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தில் டாலர் வாங்குங்கள்.