கிடார் ஆல்பமா? பதிவு செய்தது யார் என்று பாருங்கள்

வாசகர் கேள்வி: நல்ல ஹெட்போன் வாங்கியிருக்கிறேன். ஜாஸ், ப்ளூஸ், ராக், கிளாசிக்கல் என எல்லா வகைக் கிடார் இசையும் கேட்பேன். ஒலிப்பதிவு துல்லியமாக இருக்கும் ஆல்பங்களை எப்படித் தேடுவது? எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அதே நாலைந்து பெயர்கள்தான் வருகின்றன.

இசை வகையை வைத்துத் தேடாதீர்கள். யார் பதிவு செய்தார், எந்த இடத்தில் என்று தேடுங்கள். ஆல்பத்தின் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த இரண்டு விவரங்கள் போதும்.

கென்னி பர்ரெல்லின் 'மிட்நைட் ப்ளூ' (1963) ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். குழுவில் பியானோ இல்லாததால் கிடாருக்கு நிறைய இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு சுரமும் எழுந்து அடங்கும் வரை கேட்கிறது. பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர், தன் சொந்த ஸ்டூடியோவில். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கிரான்ட் கிரீன் வருவார். அங்கிருந்து ஜாஸ் கிடாரில் பல மாதங்களுக்குக் கேட்க விஷயம் இருக்கிறது.

கிளாசிக்கலில் இடம்தான் முக்கியம். ஜூலியன் பிரீம் தன் பல ஆல்பங்களை இங்கிலாந்தின் வார்டூர் தேவாலயத்தில் பதிவு செய்தார். நைலான் தந்தியின் ஒலி சன்னமானது. நல்ல கூடம் அதற்கு உடல் கொடுக்கும். இதே ரசனைக்கு ஈசிஎம் என்ற இசைப்பதிவு நிறுவனத்தில் கிடார் கலைஞர் ரால்ஃப் டவுனரின் ஆல்பங்கள் இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் பதிவுகளில் எதிரொலி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

தந்தியின் மேல் குழாயையோ கம்பியையோ சறுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிடாருக்கு ரை கூடரும் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' (1993). இதுவும் தேவாலயத்தில் பதிவானதுதான். இருவரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே கை காட்டிவிடலாம்.

ப்ளூஸில் முதலில் மடி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்' (1964). கூடவே அக்கூஸ்டிக் கிடார் வாசிப்பவர் பட்டி கை (Buddy Guy). முணுமுணுப்பில் இருக்கும் குரல் திடீரென்று கத்தலுக்குத் தாவும். அந்த ஏற்ற இறக்கத்தை யாரும் அமுக்கவில்லை. உங்கள் ஹெட்போனைச் சோதிக்க இதைவிட நல்ல ஆல்பம் எனக்குத் தெரியாது.

ராக் கொஞ்சம் சிக்கல். பல தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது என்பதால், கூடத்தின் இயல்பான ஒலியை அதில் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு கருவியும் தனித்துக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985) அந்த வகையில் தேறும். பெரிய ஆபத்து மாஸ்டரிங்கில்தான், அதாவது வெளியிடும் முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும் கட்டத்தில். சத்தம் கூட வேண்டும் என்று மெல்லிசையையும் உரத்த இசையையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கிவிடுவார்கள். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' (2008) வந்தபோது, வீடியோ கேமுக்காகக் கொடுத்த வடிவம் சிடியைவிட நன்றாக இருக்கிறது என்று ரசிகர்களே கண்டுபிடித்தார்கள்.

ஆகவே 'ரீமாஸ்டர்' (பழைய பதிவுக்கு மறுபடி மாஸ்டரிங் செய்தது) என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் சமமாக வையுங்கள், இல்லாவிட்டால் சத்தம் கூடியதுதான் நல்லது என்று காது ஏமாந்துபோகும். செயலியில் ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி இருந்தால் அப்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு விரல் தந்தியைத் தொடும் அந்த முதல் கணத்தைக் கவனியுங்கள். நசுக்கிய பதிப்பில் அதன் கூர்மை மழுங்கியிருக்கும்.

எல்லாப் பட்டியலிலும் வருகிற 'ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ'வை (1981) அதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள். இடது காதில் பாக்கோ டி லூசியா விரலால் மீட்டுகிறார்; வலது காதில் அல் டி மியோலா பிளக்ட்ரத்தால் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) வாசிக்கிறார். நடுவில் ஜான் மெக்லாஃப்லின். மேடைக் கச்சேரி என்றாலும், அதிலுள்ள ஐந்து உருப்படிகளில் ஒன்று ஸ்டூடியோவில் பதிவானது. அட்டையைப் பார்க்காமல் எது என்று கண்டுபிடித்துவிட்டால், இனி உங்களுக்குப் பட்டியலே தேவைப்படாது.