வாசகர் கேள்வி பதில்: சுடோகுவில் பாதி வழியில் நின்றுவிட்டால்

கேள்வி: சுடோகு போடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. முதல் பத்துப் பன்னிரண்டு எண்களை எளிதாக நிரப்பிவிடுகிறேன். பிறகு எதுவும் நகர்வதில்லை. ஊகித்து ஓர் எண்ணை எழுதினால், கடைசியில் ஒரே வரிசையில் இரண்டு 8 வந்து நிற்கிறது. ஊகிக்காமல் முடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. சுடோகுவில் ஒவ்வொரு கிடைவரிசையிலும், நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள் கொண்ட பெருங்கட்டத்திலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறைதான் வர வேண்டும். தொடக்கநிலைப் புதிர்களில் ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய காரணம் புதிருக்குள்ளேயே இருக்கும். ஊகத்தில் உள்ள தொல்லை, தவறு உடனே தெரியாமல் இருபது எண்கள் கழித்துத் தலைகாட்டுவதுதான். அது எங்கே தொடங்கியது என்பதை அப்போது கண்டுபிடிக்கவும் இயலாது.

நீங்கள் நின்றுவிடுவதற்குக் காரணம், "இந்தக் கட்டத்தில் எந்த எண் வரும்?" என்று மட்டுமே கேட்பதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். "இந்த எண் எந்தக் கட்டத்தில் வரும்?" என்றும் கேட்டுப் பாருங்கள். மேலே உள்ள மூன்று கிடைவரிசைகளில், இடப்பக்கப் பெருங்கட்டத்தின் 5 முதல் வரிசையிலும், நடுப் பெருங்கட்டத்தின் 5 இரண்டாம் வரிசையிலும் இருந்தால், வலப்பக்கப் பெருங்கட்டத்தின் 5 மூன்றாம் வரிசையில்தான் வர முடியும். அங்கே இரண்டு கட்டங்கள் காலியாக இருந்து, அவற்றில் ஒன்றின் நெடுவரிசையில் ஏற்கெனவே 5 இருந்தால், மற்றதில் தயங்காமல் 5 எழுதலாம்.

இதுவும் ஓய்ந்த பிறகு பென்சிலை எடுங்கள். காலிக் கட்டங்களில் வரக்கூடிய எண்களை மூலையில் சிறிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களில் 3, 7 ஆகிய இரண்டு மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், எது எங்கே என்று தெரியாவிட்டாலும், அவ்விரு எண்களும் அக்கட்டங்களுக்கே உரியவை. எனவே அவ்வரிசையின் மற்றக் கட்டங்களிலிருந்து 3, 7 ஆகிய குறிப்புகளை அழித்துவிடலாம். பெரும்பாலும் அந்த அழிப்பிலேயே முடிச்சு அவிழும். ஆனால் ஓர் எண்ணை உறுதியாக எழுதியதும் தொடர்புடைய குறிப்புகளை நீக்க மறந்தால், குறிப்புகளே உங்களை ஏமாற்றும். நானும் பலமுறை இப்படித்தான் புதிரைக் கெடுத்திருக்கிறேன்.

கேள்வி: கொடுக்கப்பட்ட எண்கள் குறைவாக இருந்தால் புதிர் கடினம் என்று கொள்ளலாமா?

பதில்: அப்படிக் கொள்ள வேண்டாம். ஒரே விடை கிடைக்கக் குறைந்தது 17 எண்களாவது கொடுக்கப்பட வேண்டும் என்பதை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்குயர் குழுவினர் 2012இல் கணினித் தேடல் மூலம் நிறுவினர். ஆனால் 17 எண்கள் கொண்ட புதிர்களிலும் எளியவை உண்டு; 28 எண்கள் இருந்தும் விழிபிதுங்க வைப்பவையும் உண்டு. எத்தகைய தருக்கம் தேவைப்படுகிறது என்பதே கடினத்தை முடிவு செய்கிறது.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. முயலலாமா?

பதில்: தாராளமாக. இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஒன்பது எழுத்துகளை வைத்தாலும் புதிர் மாறாது. 1979இல் அமெரிக்காவின் டெல் புதிர் இதழில் வேறு பெயரில் வெளியான இதை, 1984இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் தன் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அப்போது சூட்டிய நீண்ட பெயரின் பொருள், எண்கள் மணமாகாமல் தனித்தே இருக்க வேண்டும் என்பதாகும். அதன் சுருக்கமே சுடோகு.