அலுவலகத்து மனிதரும் வீட்டு மனிதரும்

அன்புள்ள ஐயா,

என்னுடன் வேலை பார்த்த நண்பர் சென்ற மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். டேட்டாபேஸ் ஆள், எங்கள் டீமில் மூத்தவர். பெண் ஏழாம் வகுப்பு, பையன் யூகேஜி. அவருக்கு நினைவு மலர் போடுகிறோம், என்னையும் எழுதச் சொன்னார்கள். ‘சிறந்த பொறியாளர், அன்பான தந்தை’ என்று எழுதியதற்கு மேல் கை ஓடவில்லை. அவர் வேலையைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது. வீட்டில் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. என்ன எழுதுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்த ‘சிறந்த’, ‘அன்பான’ இரண்டையும் அடித்துவிடுங்கள். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் எல்லோரும் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ராண்டி பாஷ் ஞாபகம் வந்தது. பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பேராசிரியர். கணையப் புற்றுநோய். நன்றாக இருக்கப்போவது இன்னும் மூன்றிலிருந்து ஆறு மாதம்தான் என்று 2007 ஆகஸ்டில் மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 18 அன்று, நிறைந்த அரங்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நடுவில் தண்டால் வேறு எடுத்துக் காட்டினார். சின்ன வயதுக் கனவுகளைப் பற்றிய பேச்சு. முடிக்கும்போது, இது உங்களுக்கானது இல்லை, என் பிள்ளைகளுக்கானது என்றார். மூன்று பிள்ளைகள், கடைசிக்கு ஒரு வயது. 2008 ஜூலை 25 அன்று, 47 வயதில் இறந்தார்.

அந்தக் கடைசி வரியைக் கேட்டுக் கண்கலங்கியவர்கள் ஏராளம். ஆனால் அவருடைய தொழிலைத் தெரிந்தவர்களுக்கு அதில் இன்னொன்றும் பிடிபடும். ஆலிஸ் என்ற மென்பொருளை உருவாக்கியவர் அவர். திரையில் பொம்மை உருவங்களை நடக்கவிட்டு, பேசவிட்டுக் கதை பண்ணலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், இழுத்து வந்து வரிசையாக அடுக்கினால் போதும். கட்டளையின் முடிவில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்கெல்லாம் கணினி திட்டாது. கதை பண்ணுகிறோம் என்று குழந்தை நினைத்துக்கொண்டிருக்கும், அதற்குள் நிரல் எழுதப் பழகியிருக்கும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுக்கிற அந்த வித்தையைத்தான் மேடையிலும் செய்தார். தொழிலில் ஓடிய அதே புத்திதான் தகப்பனாகவும் ஓடியிருக்கிறது.

கல்யாணமாவதற்கு முந்தைய கதை ஒன்றும் உண்டு. கூரை மடங்கும் புதுக் கார் வாங்கியிருந்தார். சகோதரியின் பிள்ளைகளை அதில் கூட்டிப்போக வந்திருக்கிறார். ‘மாமா காரை அழுக்காக்கக் கூடாது’ என்று அவர்கள் அம்மா பாடம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் ஒரு சோடா டின்னைத் திறந்து நிதானமாகப் பின் சீட்டில் கவிழ்த்துவிட்டார். அப்புறம் அந்தப் பிள்ளைகளில் பையன் உடம்பு சரியில்லாமல் அதே காரில் வாந்தி எடுத்தான். பயப்படாமல் எடுத்தான். இந்தத் தாய்மாமனுக்குப் ‘பாசமானவர்’ என்று தனியாக எழுதவேண்டுமா, சொல்லுங்கள்.

பாஷின் அப்பா இரண்டாம் உலகப் போரில் வீரப் பதக்கம் வாங்கியவர். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவர் இறந்தபிறகு பழைய பொருள்களுக்கு நடுவே கிடைத்துத்தான் வீட்டுக்கே தெரிந்தது. வீட்டுக்குத் தெரியாத அப்பா ஒருவர் உங்கள் கையிலும் இருக்கிறார், எஸ். வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியவில்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்தபோது முதலில் என்ன செய்வார்? எதை அழிப்பது என்று குறிக்கும் ‘வேர்’ (WHERE) கண்டிஷனைப் போடாமல் டெலீட் ஓட்டி, அட்டவணையில் இருந்த எல்லாத் தகவலையும் அழித்துவிட்ட புதுப் பையனிடம் என்ன சொன்னார், யார் முன்னால் சொன்னார்? மேலே மெயில் போனபோது அந்தப் பையனின் பெயர் அதில் இருந்ததா? இதை எழுதுங்கள். வேலை புரியாது என்பதெல்லாம் சாக்கு. ஒரே பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது டேட்டாபேஸ், அது படுத்துவிடாமல் பார்த்துக்கொண்டவர் உன் அப்பா என்றால் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குப் புரியாதா? பையனுக்கு அக்கா சொல்லிக்கொள்வாள்.

‘இரவு பகல் பாராமல் உழைத்தார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அலுவலகத்துக்கு அது புகழ்ச்சி. அந்த இரவுகளில் அப்பா வீட்டில் இல்லை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

எழுதியதை, அச்சுக்குப் போகும் முன் அவர் மனைவியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் வரியை எதிர்க்கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள்.