சித்தப்பாவின் பணமும் குப்பி வகுப்பும்

கேள்வி: நான் மூதூரைச் சேர்ந்தவள். பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். அப்பா இல்லை, அம்மா இடியப்பம் அவித்து விற்கிறார். உயர்தரம் படித்த காலத்தில் திருகோணமலை நகரில், உவர்மலையில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். இப்போது கனடாவிலிருந்து சித்தப்பா மாதாமாதம் பணம் அனுப்புகிறார். அதை ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒரு ரூபாய் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அவர் அழைத்து, படிப்பு முடிந்ததும் அங்கேயே மாப்பிள்ளை பார்க்கலாம் என்கிறார். முதல் செமஸ்டரில் இரசாயனவியலில் சித்தியடையவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எல்லாருடைய உதவியையும் நிறுத்திவிட்டு, வார இறுதியில் ரியூஷன் கொடுத்துச் சமாளிக்கலாமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கொப்பியில் சித்தப்பாவின் பணம் இருக்கிறது. பெரியம்மா வீட்டில் உண்ட சோற்றையும், விடியுமுன் எழும்பி மா குழைக்கும் அம்மாவின் உழைப்பையும் அதில் எழுத உங்களுக்குத் தோன்றவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் தந்ததைப் பெற்றுக்கொள்ளும்போது உங்கள் நெஞ்சு அடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே, பிறர் உதவியில் படிப்பது உங்களுக்குப் பாரமாக இருப்பதாக நான் நினைக்கவில்லை. பணத்தோடு சேர்ந்து வரும் அந்த மாப்பிள்ளைப் பேச்சுத்தான் பாரம். அதை இறக்கி வைப்பதற்காக எல்லாரையும் சேர்த்து ஒதுக்கப் பார்க்கிறீர்கள்.

தனியாக நின்று படித்தவர் என்று நம் நாட்டில் ஒருவரைக் காட்டுவது கடினம். 1945இல் வந்த இலவசக் கல்வியில்தான் நாமெல்லாரும் படித்தோம். பல்கலைக்கழக அனுமதியையே பாருங்கள்: பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கருதப்படும் மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அந்தப் பட்டியலில் உங்கள் மாவட்டமான திருகோணமலையும் உண்டு. நீங்கள் எந்த வழியில் தெரிவாகியிருந்தாலும், அனுமதியைத் தீர்மானித்த உங்கள் உயர்தர இசட் புள்ளிக்குப் பின்னால் உவர்மலை வீட்டில் உங்களுக்காக ஒதுக்கப்பட்ட ஒரு மேசையும் மின்விளக்கும் இருந்திருக்கும்.

ரியூஷன் எண்ணத்தை இந்த வருடம் தள்ளிப்போடுங்கள். ஒரு பாடம் பின்னால் நிற்கும்போது சனியும் ஞாயிறும் பிறர் பிள்ளைகளுக்குப் போனால், அடுத்த செமஸ்டரில் இரண்டு பாடங்கள் நிற்கும்.

உங்கள் கடிதத்தில் குப்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. பாடம் விளங்கிய ஒருவர் இரவில் விடுதியிலோ வெறும் வகுப்பறையிலோ பட்ச் நண்பர்களை இருத்தி, ஆங்கிலத்தில் நடந்த விரிவுரையைத் தமிழில் உடைத்துச் சொல்லும் அந்தப் பழக்கத்துக்குக் குப்பி விளக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு நீங்கள் ஒதுங்கியிருக்கக்கூடும். நானும் ஒரு செமஸ்டர் முழுவதும் அப்படித்தான் பின்வரிசையில் இருந்து தலையாட்டினேன். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு ஒரு நண்பன் என் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்திலேயே சமன்பாடு பிழை என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டதால்தான் நான் தப்பினேன். உங்களுக்கு நன்றாக வரும் பாடம் ஒன்று இருக்குமே, அதில் நீங்கள் குப்பி எடுங்கள். அப்போது இரசாயனவியலுக்குப் போய் இருப்பதில் கூச்சம் வராது.

அம்மாவிடம் பெறுபேற்றைச் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் வேண்டாம், அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போய், வியாபாரம் முடிந்து அவர் இருந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லுங்கள். மீண்டும் எழுதலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். தோல்வியை மட்டும் கேட்டால் கம்பஸை விட்டு நிற்கப்போகிறாள் என்றே அவர் பயப்படுவார்.

இனிச் சித்தப்பா. மகாபொல புலமைப்பரிசிலோ பர்சரி உதவித்தொகையோ கிடைத்திருந்தால் அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே விடுதி, சாப்பாடு, போட்டோக்கொப்பி, மூதூருக்குப் போய்வரும் பஸ் செலவு ஆகியவற்றை எழுதி, குறைவது எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் குறையை மட்டும், பட்டம் முடியும் மாதம் வரை தரமுடியுமா என்று கேளுங்கள். அளவும் முடிவும் சொல்லிக் கேட்கும் உதவியில் தருபவருக்கும் மரியாதை உண்டு. அதை அவர் கடனாகத் தருகிறாரா, அன்பளிப்பாகத் தருகிறாரா என்பதையும் அவர் வாயாலேயே கேட்டுவிடுங்கள். கடன் என்றால் கொப்பி தொடரட்டும். இல்லையென்றால் கொப்பியை மூடிவிடலாம்.

கலியாணப் பேச்சை அந்த உரையாடலில் கலக்க வேண்டாம். அதற்கு வேறொரு நாள் வைத்து, “சித்தப்பா, நீங்கள் என் படிப்புக்குச் செய்வதை மறக்கமாட்டேன். கலியாணத்தை அம்மாவும் நானும் படிப்பு முடிந்த பிறகு யோசிக்கிறோம்” என்று பணிவாகச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டு பணத்தை நிறுத்தவும் கூடும். அதனால்தான் அம்மாவிடம் முதலில் பேசச் சொன்னேன். அப்படி நடந்தால் பெரியம்மாவிடம் போங்கள். அவரிடம் பணம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் சித்தப்பாவை அதட்டிப் பேசக்கூடிய மூத்தவர் உங்கள் குடும்பத்தில் அவராகத்தான் இருப்பார் என்று ஊகிக்கிறேன்.

இந்த ஞாயிறு அவர் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நமக்கு மாலையாகும்போது அங்கே காலை. கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே முதலில் அழையுங்கள்.